வெள்ளை நாடிக்கட்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். நாலு பேருக்கு முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான். பேச்சு வேண்டாம், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. பிழை இருந்தால் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

மெஷினைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்கு உங்களுக்குச் சொல்லித் தர ஆள் இருக்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு டாக்டர் அதை எழுதிக் கொடுக்கிறார். டெக்னீசியன் தம்பி வீட்டுக்குப் போய் மாட்டிக் காட்டிவிட்டு வந்துவிடுவார். மூக்கில் ஒரு மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் அடியில் காற்று ஊதும் பெட்டி. மாட்டிக்கொண்டு தூங்கினால் தொண்டை அடைக்காது. அவ்வளவுதான் சங்கதி. அதற்கப்புறம் அந்த ஆள் அதை மாட்டுகிறாரா, பீரோவுக்கு மேல் தூக்கி வைத்துவிட்டாரா என்று பார்க்கப் போகிறவர்கள் நாம். நம் வேலை மெஷினோடு இல்லை, வீட்டோடு.

நான் சேர்ந்த புதிதில் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். வேலை சொல்லிக்கொடுத்தது அவர்தான். நிறையப் பேச மாட்டார். “மெஷின மொதல்ல வூட்டுக்குப் பழக்கு. அப்புறமா ஆளுக்குப் பழக்கு” என்பார். இன்னொன்றும் சொல்வார். உள்ளே போன மெஷினை உன் கையால் வெளியே எடுத்துக்கொண்டு வராதே, வந்துவிட்டால் திரும்ப அந்த வாசலை மிதிக்காது என்பார். அப்போது தலையை ஆட்டிக்கொண்டேன். புரிந்து ஆட்டியதில்லை.

குரும்பலூரில் ஒரு வீட்டில் ஆயுத பூசைக்கு மறுநாள் போனேன். மாவு அரைக்கும் கிரைண்டர், மோட்டார், மெஷின் எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பொட்டு வைத்திருந்தார்கள். மெஷினில் காற்று உள்ளே போகும் வாயில் சந்தனத்தை வழித்து அப்பி, அதற்கு மேல் செவ்வந்திப் பூச்சரமும் சுற்றியிருந்தது. முந்தின ராத்திரி அதை மாட்டிக்கொண்டு படுத்த அந்த வீட்டுப் பெரியவருக்கு மூச்சு முட்டி, மெஷினில் பேய் இருக்கிறது என்று வாசலில் வந்து படுத்துவிட்டார். நான் சந்தனத்தைச் சுரண்டிவிட்டு வந்தேன். ஆயுள் பூராவும் நான் பார்க்கப் போகும் பெரிய அதிர்ச்சி அதுதான் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எவ்வளவு வெகுளியாக இருந்திருக்கிறேன்.

அரியலூருக்கு அந்தப் பக்கம், ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு ஊர். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டை ஒட்டினது. வேலி, கூரை, வேப்பமரம் எல்லாம் வெளுத்துப் போயிருக்கும். அங்கே கலியபெருமாள் என்று ஒருவர். ஐம்பதை நெருங்குகிற ஆள். கழுத்தும் தோளும் ஒன்றாகச் சேர்ந்த உடம்பு. அவர் குறட்டை அந்தத் தெருவில் பிரசித்தம். ராத்திரி லோடு லாரி மேடு ஏறினால்கூட, அது லாரியா கலியபெருமாளா என்று ஒருவருக்கொருவர் கேட்டுச் சிரிப்பார்களாம். அவர் மனைவி தமிழ்ச்செல்விதான் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டி வந்தாள்.

என்ன தொழில் என்று டாக்டர் கேட்டபோது, முந்திரிக் கொல்லை இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தமிழ்ச்செல்வி பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். நான் அதைப் பார்த்தேன். பயத்தில் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

மெஷின் வந்த வாரம் வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். தெருவில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. சொந்தக்காரர்களுக்கும் கூடாது. கேலி பேசுவார்கள் என்றார். பெட்டியை உள் அறையில், நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். மூக்கில் மாட்டினால் அவருக்கு வாய் திறந்துகொண்டு காற்றெல்லாம் வாய் வழியாகப் போய்விடுகிறது என்று டெக்னீசியன் தம்பி ஒரு பட்டையும் கொடுத்திருந்தார். தாடையையும் உச்சந்தலையையும் சேர்த்துக் கட்டுகிற பட்டை. கம்பெனியிலிருந்து வரும்போதே அது வெள்ளை நிறம்தான். ராத்திரி பழக்கம் வருகிறவரைக்கும் பகலில் படுக்கும்போதும் கொஞ்ச நேரம் மாட்டிப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி போனேன். பஸ்சை விட்டு இறங்கும்போதே ஒப்பாரி கேட்டது.

யார் வீட்டிலோ என்று நடந்தேன். நடக்க நடக்க சத்தம் நான் போகிற வீட்டுக்குள்தான் கொண்டுபோய் விட்டது. கலியபெருமாள் வாசலில் பெண்கள் வட்டம் கட்டித் தோளில் தோள் போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி வந்து தெருவில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். மெஷினால் ஒருவர் செத்துவிட்டார். நாம் கொண்டுபோய் வைத்த மெஷின். இதுதான் அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஓடவும் முடியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நடந்ததைப் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலியபெருமாளின் அக்கா அஞ்சலை. உடையார்பாளையம் பக்கம் வாக்கப்பட்டவர். கொல்லையில் பறித்த முருங்கைக்காயைக் கட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறார். தமிழ்ச்செல்வி தண்ணீர்க் குழாயடிக்குப் போயிருந்தாள். கதவைத் தள்ளிப் பார்த்தால், தம்பி மல்லாக்கப் படுத்திருக்கிறார். மூக்கில் குழாய். தாடையைச் சேர்த்து உச்சியில் வெள்ளைக் கட்டு. முக்கியமாக, குறட்டை இல்லை. அந்த வீட்டில் அந்த ஆள் படுத்துக் குறட்டை இல்லாமல் இருந்ததை அஞ்சலை தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

செத்தவருக்கு வாய் பிளந்துகொள்ளாமல் இருக்க வெள்ளைத் துணியில் நாடி கட்டுவோமே, அப்படியே இருந்திருக்கிறது. கைவிட்ட கேஸ் என்று ஆஸ்பத்திரியில் குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் நம் பக்கம் நடக்கிறதுதானே. கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், உயிர் போயிருக்கிறது, நாடியும் கட்டிவிட்டார்கள், எனக்குச் சேதி சொல்லவில்லை. அஞ்சலை இப்படித்தான் முடிவு கட்டினார். நிலைப்படியிலேயே விழுந்து மார்பில் அடித்துக்கொண்டார். தெரு கூடிவிட்டது. சாவு வீட்டில் பெண்கள் முதலில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்களே தவிர உள்ளே போய் மூச்சு வருகிறதா என்று பார்ப்பதில்லை. நாடி கட்டிய ஆளுக்கு மூச்சுப் பார்ப்பார் யார்?

குடத்தோடு வந்த தமிழ்ச்செல்வி வாசலைப் பார்த்தாள். மெஷினைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஆனால் அவளுக்கும் அதன் மேல் உள்ளூர ஒரு பயம் இருந்தது. மத்தியானம் தன் கையாலேயே அந்தப் பட்டையைக் கட்டிவிட்டுப் போனவள். நாத்தனார் புரள்வதைப் பார்த்ததும், நம் கையாலேயே புருஷனை முடித்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். குடம் விழுந்தது. பெண்கள் அவளை வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

நான் வேலியோரம் வந்து நின்றது அப்போதுதான்.

தமிழ்ச்செல்வி பாட ஆரம்பித்தாள். நம் ஊர் ஒப்பாரி உங்களுக்குத் தெரியும். நேரில் வாய் திறக்காத பெண்கூட அதில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். மாமியார் செய்தது, கொழுந்தன் செய்தது, ஒன்றும் மிச்சம் இருக்காது. அவள் பாடினாள்.

“கேட்டுக்கு முன்னால கண்ணசந்த எஞ்சாமி
கம்பியில வண்டி முட்ட கண்ணு தொறக்கலியே
பச்சப் புள்ளைங்க பதறி எழுப்பினப்போ
எந்திரிச்ச எஞ்சாமி இன்னைக்கி எந்திரிக்கலியே
ஊருக்குச் சொல்லாம ஒளிச்சேனே பாவி நானு
ஒளிச்சு வச்ச பாவம் ஒன்னக் கொண்டு போனதடா”

முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எந்த வண்டி, எந்தப் பிள்ளைகள்? முந்திரிக் கொல்லைக்காரருக்கு வண்டி ஏது? அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அழுகையை நிறுத்தினாள். இன்னொருத்தி வட்டத்திலிருந்து கையை எடுத்தாள். ஒவ்வொருத்தியாக நிறுத்திக்கொண்டே வந்து கடைசியில் தமிழ்ச்செல்வி ஒருத்தி குரல் மட்டும் தனியாக நின்றது. அதைக் கேட்டு அவளும் நிறுத்தினாள்.

அந்த அமைதியில் கலியபெருமாள் வாசலுக்கு வந்தார்.

குழாய் மார்பில் தொங்குகிறது. வெள்ளைக் கட்டு கட்டினபடி இருக்கிறது. வாயைத் திறக்க முடியாமல் “ம்ம்?” என்றார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்ற எதிர் வீட்டுக்காரர் நாற்காலியோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு அம்மாள் மயங்கிச் சாய்ந்தாள். அஞ்சலை எழுந்து ஓடிப்போய்த் தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். தொட்டுப் பார்த்துவிட்டு ஓங்கி ஒரு அறை விட்டார்.

சத்தம் கேட்கவில்லையா என்று பிறகு அவரைக் கேட்டேன். கேட்டதாம். பக்கத்து வீட்டு டிவியில் சீரியல் ஓடுகிறது என்று நினைத்தாராம். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான் அவர் ஒழுங்காகத் தூங்கியிருக்கிறார்.

யாராவது ஒருவர் சிரித்திருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். ஆனால் ரேவதி என்று ஒரு பெண் முன்னால் வந்தாள். நாலு வீடு தள்ளி இருப்பவள். அவள் கலியபெருமாளைப் பார்க்கவில்லை. தமிழ்ச்செல்வியைப் பார்த்தாள்.

“கேட்டுல என்ன நடந்துச்சு?”

தமிழ்ச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம் பொண்ணு அன்னைக்கே வந்து சொன்னா. வேன் மாமா தூங்கிட்டாரு, வண்டி தானா போயி கம்பியில இடிச்சுருச்சு, ரயிலு கிட்டக்க போச்சுன்னு. கத சொல்றாளேன்னு வாய்மேலயே அடிச்சேன்.” அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். “இவரக் கேட்டேன். சும்மா கண்ண மூடி வெளையாட்டு காட்னேன்னாரு. நம்பிப்புட்டு மறுநாளும் ஏத்தி வுட்டேன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொல்லையைப் பார்த்துக்கொள்கிறவர் இல்லை இந்த மனுஷன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். அந்தத் தெருப் பிள்ளைகளைக் காலையும் மாலையும் ரயில்வே கேட்டைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறார். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பி வருகையில், கேட் மூடியிருந்த நேரத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கியிருக்கிறார். வண்டி உருண்டுபோய்க் கேட்டில் முட்டி நின்றிருக்கிறது. கேட் இல்லாதிருந்தால் என்று நினைத்தேன். மேற்கொண்டு நினைக்க முடியவில்லை. வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள் என்று பயந்து டாக்டரிடமே தொழிலை மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

ரேவதி திரும்பி என்னைப் பார்த்தாள். தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

“நீங்க ஆஸ்பத்திரிலேருந்துதான வர்றீங்க? சொல்லுங்க. இவரு எங்க புள்ளைங்கள ஏத்தலாமா?”

பிள்ளைகளே, உங்களுக்கு நான் எழுதவந்ததே இந்த இடத்துக்காகத்தான். ஆபீசில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பார்கள். நோயாளி சமாச்சாரம் அடுத்தவர் காதுக்குப் போகக் கூடாது. அது சரியான பேச்சு. அதை நான் மீறினதில்லை. ஆனால் தெருப் பூராவும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கலியபெருமாள் பட்டையை அவிழ்க்கக்கூடத் தோன்றாமல் என்னைப் பார்க்கிறார். கண்ணாலேயே கும்பிடுகிறார். வேனில்தான் அவர் சோறு. ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்சைப் பிடித்திருக்கலாம். பொய்யும் இல்லை அது, எனக்குத் தெரியாமல்தானே வைத்திருந்தார். ஆனால் மறுநாள் திங்கட்கிழமை.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டேன். யாரும் கொடுக்கவில்லை.

“அவரு ஒடம்பப் பத்தி நான் சொல்லக் கூடாதும்மா” என்றேன். “ஆனா எம் பேத்தி அந்த வேன்ல போறதா இருந்தா, டாக்டரு சரின்னு சொல்ற வரைக்கும் நான் ஏத்த மாட்டேன்.”

கலியபெருமாள் பட்டையைப் பிய்த்து எறிந்தார். உள்ளே போனார். மெஷினைக் குழாய், வயர் எல்லாவற்றோடும் அள்ளிக்கொண்டு வந்து என் கையில் திணித்தார்.

“எடுத்துட்டுப் போங்க. என்னயப் பொணமாக்குனதுமில்லாம பொழப்பையும் முடிச்சுட்டீங்க.”

உள்ளே போன மெஷினை வெளியே கொண்டுவராதே என்று மூத்த சிஸ்டர் சொன்ன வார்த்தை எங்கிருந்தோ அப்போது ஞாபகம் வந்தது. திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டார். தமிழ்ச்செல்வி தரையில் உட்கார்ந்திருந்தாள். மெஷினை அவள் மடியில் வைத்தேன். குழந்தையை வைக்கிற மாதிரி. ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன்.

அன்று சாயங்காலமே டாக்டர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. கலியபெருமாளுக்குப் போன் போட்டார். ஸ்கூலுக்கு நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிவிட வேண்டும், சாவியைக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள் என்றார். ராத்திரிக்குள் போன் வந்தது. சொல்லிவிட்டேன் என்ற ஒரு வார்த்தையோடு வைத்துவிட்டாராம். உடம்பு சரியாகி டாக்டர் எழுதிக் கொடுத்தால் பிறகு பார்க்கலாம் என்று ஸ்கூலில் வேனை வாங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

உடம்பு சரியாக வேண்டுமென்றால் மெஷினை மாட்ட வேண்டும். அவரோ மாட்ட மாட்டேன் என்கிறார்.

தமிழ்ச்செல்வி போன் பண்ணிக் கூப்பிட்டாள். போகவே பயமாக இருந்தது. போனேன். அஞ்சலை ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே இருந்தார். குற்ற உணர்ச்சி. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், செத்ததாகச் சேதி பரவினவனுக்கு ஆயுசு கெட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தார். கலியபெருமாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பட்டப்பகல். “வாங்கம்மா” என்று சொல்வார் என நான் எதிர்பார்த்து நின்றுகொண்டிருக்கும்போதே அவர் தலை சரிந்து குறட்டை வந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை நின்றது. மார்பு அசையவில்லை. நாங்கள் மூன்று பெண்களும் மூச்சுவிடாமல் பார்த்தோம். பிறகு கிணற்றிலிருந்து மேலே வருகிறவர் மாதிரி ஒரு இழுப்பு இழுத்து முழித்துக்கொண்டார். அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டார். குறட்டையைத்தான் இத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறார். குறட்டைக்கு நடுவில் இருப்பதை அன்றுதான் பார்த்தார்.

மெஷினைப் பற்றி நான் பேச்செடுத்ததும் அவர், அதைக் கட்டினால் நான் பொணம், ஊரே பார்த்துவிட்டது, மறுபடி அந்த வெள்ளைத் துணியை மூஞ்சியில் கட்டிக்கொண்டு இந்த வீட்டில் படுக்க மாட்டேன் என்றார். நான் என்ன சொல்ல? எனக்கு இரண்டு வார்த்தை சேர்ந்து வராது. சும்மா இருந்தேன். சில வீடுகளில் நாம் சும்மா இருந்தால் பேச வேண்டியவர்கள் பேசுவார்கள்.

தமிழ்ச்செல்வி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமல் சொன்னாள்.

“ஒனக்கு ஒரு தடவ அழுதாச்சு. இருந்த பாட்டெல்லாம் பாடியாச்சு. இனிமே அதக் கட்டாம செத்தீன்னா எங்கிட்ட பாட்டு இல்ல. வாய மூடிக்கிட்டு ஒரு ஓரமா ஒக்காந்திருப்பேன். வர்றவங்க போறவங்க பாத்துட்டுப் போவட்டும்.”

பெண்டாட்டி அழாமல் போகிற சாவு நம் பக்கம் எவ்வளவு பெரிய சாபம் என்பது உங்களுக்குத் தெரியும். கலியபெருமாள் பட்டையைப் பார்த்து, “வெள்ளையா இருக்கே” என்றார். சின்னப்பிள்ளை மாதிரி.

அஞ்சலை எழுந்தார். கொடியில் காய்ந்த தம்பியின் கைலியை உருவினார். நீலமும் சிவப்பும் கட்டம் போட்ட பழைய கைலி. ஓரத்தில் பல்லால் கடித்து நீளமாக ஒரு கிழி கிழித்தார். ஊசி நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அந்த வெள்ளைப் பட்டைக்கு மேல் உறை மாதிரி சுற்றித் தைத்தார். தைத்து முடித்து ஆட்டிக் காட்டினார்.

“இந்தா. பொணத்துக்கு எவனாவது கட்டம்போட்ட கைலியில நாடி கட்டுவானாடா?”

கலியபெருமாள் அதை வாங்கிப் பார்த்தார். தோள் குலுங்கிற்று. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்தார். மறுநாள் அதை டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டினேன். இழுத்துப் பார்த்தார், முகத்தில் உறுத்தாது, தளராது, கட்டட்டும் என்றார். நம் கம்பெனிப் பட்டையை டாக்டர் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

இன்னும் ஒரு காரியம் மிச்சம் இருந்தது. மூத்த சிஸ்டர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் ஏறியது. வீட்டுக்குப் பழக்கு என்றால், அந்த ஆள் வீட்டுக்கு மட்டும் இல்லை, அவர் தூங்குவதைப் பார்க்கப்போகிற எல்லோருக்கும். கலியபெருமாளைக் கேட்டேன். யோசித்தார். சரி, மறைக்க இனி என்ன இருக்கிறது என்றார். மெஷினை நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்து கூடத்தில் வைத்தோம். தெருப் பெண்களைத் தமிழ்ச்செல்வி போய்க் கூப்பிட்டாள். எல்லோரும் வரவில்லை. வந்தவர்கள் எட்டி நின்றார்கள். மாஸ்க்கை ஒவ்வொருத்தியின் உள்ளங்கையிலும் வைத்து மெஷினை ஓடவிட்டேன்.

ரேவதி கடைசியில் வந்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தன் மூக்கிலேயே வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“வெறுங் காத்துதானா?”

“ஆமாம்மா. வெறுங் காத்துதான்.”

“இது இல்லாமத்தான் அன்னைக்கி எம் புள்ளைய…” என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அவள் முகம் அப்போது இருந்த இருப்பை என்னால் எழுத முடியவில்லை. வெறும் காற்றுக்கும் ரயிலுக்கும் நடுவில் தன் பிள்ளை இருந்ததை அவள் அப்போது பார்த்துவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்தது மெதுவாக நடந்தது. அவர் முதலில் பாதி ராத்திரியில் கழற்றிப் போட்டார். பிறகு விடிகிறவரை வைத்திருந்தார். தெருவில் குறட்டை நின்றுபோய், எதிர் வீட்டுக்காரர் தூக்கம் வரவில்லை என்று புகார் சொன்னாராம். மெஷினில் பதிவானதையும் பார்த்து, அவரையும் மறுபடி சோதித்துப் பார்த்து, பகலில் தூக்கம் தள்ளவில்லை என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான் டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஸ்கூலில் வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் தாய்மார்கள் பிள்ளைகளைக் கொடுக்கவில்லை. ஏற்ற மாட்டோம் என்றார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிந்தது.

வழி சொன்னது ரேவதிதான். நான் கூடவே வருவேன் என்றாள். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். தினமும் காலையில் ஏறுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன், தமிழ்ச்செல்வி முன்னாலேயே கேட்பேன், அவள் ஆமாம் என்று சொன்னால்தான் வண்டி எடுக்க வேண்டும்.

ரேவதி கேட்ட கேள்வியை முதல் நாள் கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்களாம். அச்சானியமாகக் காலங்காத்தாலே இப்படியா கேட்பது என்று ஒரு அம்மாள் அவளைத் திட்டவே திட்டினாளாம். இப்போது பிள்ளைகளே கேட்கின்றன. வேனில் ஏறும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, குட்மார்னிங் சொல்கிற மாதிரி:

“மாமா, நேத்து நாடி கட்டுனீங்களா?”

நான் வேலையை விட்டு நிற்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கடைசியாக அந்த ஊருக்குப் போனேன். சாயங்கால பஸ். ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ்சுக்கு முன்னால் இரண்டு கல் லாரி. அதற்கும் முன்னால், கேட்டை ஒட்டி, மஞ்சள் வேன். பஸ் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன், பிள்ளைகள் தலை தெரிந்தது. டிரைவர் தலை அசையவில்லை.

ரயில் இன்னும் வரவில்லை. எல்லா வண்டியும் இஞ்சினை நிறுத்திவிட்டது. வெயில், புழுதி, சத்தமில்லாத ரோடு. தூங்குவதற்கென்றே செய்துவைத்த நேரம். மெஷினில் பதிவானதும் டாக்டர் எழுதிக் கொடுத்ததும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? பஸ்சை விட்டு இறங்கினேன். கண்டக்டர் எங்கே போறீங்க என்றார். லாரிகளைத் தாண்டி நடந்தேன். ரயில் என்னைத் தாண்டிப் போனது. தரை அதிர்ந்தது. வேன் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தேன்.

கலியபெருமாள் கண்ணாடியில் என்னை முன்னாலேயே பார்த்துவிட்டிருந்தார்.

“என்னங்கம்மா, பொணம் எந்திரிச்சு ஒக்காந்திருக்கான்னு பாக்க வந்தீங்களா?”

பின்சீட்டில் ரேவதி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பிள்ளைகள் என்ன என்ன என்று ஜன்னலுக்கு வந்தன. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கேட் ஏறியது. முதல் வண்டியாக வேன் கிளம்பித் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. லாரிகளும் போய்விட்டன. எங்கள் பஸ் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ரோட்டின் நடுவில் நகராமல் நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான்.